எலும்பு மாத்திரை

கேத்ரின் விழுந்தது பெரிய விழுகை அல்ல. மலையிலிருந்து இறங்கவில்லை. தண்ணீர் ஓடும் கான் தாண்டவில்லை. முதுகில் கொழுந்து மூட்டையும் இல்லை. தேயிலைத் தோட்டத்து லய வீட்டு வாசலில், பாசி பிடித்த ஒற்றைப் படியில், கால் வழுக்கி உட்கார்ந்தாள். உட்காரும்போது கையை ஊன்றினாள். மணிக்கட்டு ஒடிந்தது.

பக்கத்துக் காம்பராவிலிருந்து இசபெல் ஓடி வந்தாள். கேத்ரினின் இறந்துபோன கணவன் லியனார்டின் தங்கை.

"இதுக்கா ஒடிஞ்சிச்சு?" என்றாள் இசபெல். "மிலான் நாளைக்குப் பத்துத் தடவ இதுல விழுறான், மதினி. எந்திரிச்சுச் சிரிச்சிட்டுப் போறான்."

மிலான் இசபெலின் பேரன். மூன்று வயது. அவன் தாய் கொழும்பில் கார்மென்ட் வேலை செய்கிறாள். அவன் வாசலில் நின்று கேத்ரினின் கையைப் பார்த்தான். கை முள்ளுக்கரண்டி போல் வளைந்திருந்தது.

"ஆறு வருஷமா எலும்பு மாத்திர முழுங்குறீங்க," என்றாள் இசபெல். "கண்டி டொக்டர்மாரு என்னதான் குடுக்கிறாங்க? சோக்கட்டியா?"

கேத்ரின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வலி ஒரு காரணம்.

எலும்பு மாத்திரை என்ற பொய்யை அவள் யோசித்துச் சொல்லவில்லை. லியனார்ட் கொழும்பில் ஒரு ஹோட்டலில் வேலை செய்தான். இருமலோடு வந்தான். இருமலோடு போனான். காசம் என்று லயம் நம்பியது. காசமும் இருந்தது. அதற்கு அடியில் எச்.ஐ.வி. இருந்தது. அவன் இறப்பதற்கு முன் கேத்ரினின் இரத்தத்தையும் பார்த்தார்கள். அவளுக்கும் இருந்தது.

அன்றிலிருந்து தினம் ஒரு மாத்திரை. அது நன்றாக வேலை செய்தது. இப்போது இரத்தத்தில் தேடினாலும் வைரஸ் அகப்படாது என்று கண்டி கிளினிக்கில் சொன்னார்கள். கிட்டத்திலும் ஒரு கிளினிக் இருந்தது. அங்கே கூட்டித் துடைப்பவர்கள் தோட்டத்துப் பிள்ளைகள். அதனால் கண்டி.

கண்டிக்குப் போகும் நாளில் கோயிலுக்குக் கட்டும் சேலையில் லயத்தைக் கடக்க வேண்டும். கடந்தால் கேட்பார்கள். முதல் முறை அதே லயத்து ராசம்மா கேட்டாள். அந்த நேரம் கேத்ரினின் கையில் தோட்டத்து டிஸ்பென்சரியில் கொடுத்த கால்சியம் போத்தல் இருந்தது.

"எலும்புக் கிளினிக்," என்றாள்.

அன்று சாயங்காலம் கால்சியம் மாத்திரைகளைக் கானில் கொட்டினாள். கண்டியில் கொடுத்த மாத்திரைகளை அந்தப் போத்தலில் போட்டாள். போத்தலை சாமிப்பட அலுமாரியில் எல்லோரும் பார்க்கும்படி வைத்தாள். எலும்பு மாத்திரையை யாரும் திருடுவதில்லை. யாரும் பயப்படுவதுமில்லை. நல்ல பொய்.

மூன்றாம் வருடம் கண்டி டொக்டர் அம்மா அவளிடம் சொன்னார்.

"இந்த மாத்திரை சிலருக்கு எலும்பை மெலிய வைக்கும். இந்த நோயும் அதைச் செய்யும். உங்களுக்கு மாதவிடாய் நாற்பதிலேயே நின்றுவிட்டது, அதுவும் சேரும். எங்காவது ஒடிந்தால், முதுகு வலித்தால் என்னிடம் சொல்லுங்கள். மாற்று மாத்திரை இருக்கிறது. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்."

கேத்ரின் தலையாட்டினாள். பஸ்ஸில் திரும்பும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதை யாரிடமும் சொல்ல முடியாது என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றது.

அதற்குப் பிறகு பாதத்தில் ஓர் எலும்பு வலித்தது. பொல்பிட்டிய பக்கத்துச் சிங்கள வைத்தியர் எண்ணெய் போட்டுக் கட்டினார். சுளுக்கு என்றார். சுளுக்கு என்றே அவளும் நினைத்துக்கொண்டாள். முதுகு வலித்தது. மூட்டை சுமக்கிற எல்லோருக்கும் முதுகு வலிக்கிறது. கண்டியில் ஏதாவது பிரச்சினை இருக்கிறதா என்று கேட்டபோதெல்லாம் இல்லை என்றாள். இருக்கிறது என்றால் சோதனை. சோதனை என்றால் இன்னொரு நாள், இன்னொரு சேலை, இன்னொரு பொய்.

இப்போது மணிக்கட்டு.

டவுன் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். கட்டோடு இருந்த நாட்களில் இசபெல்தான் சமைத்தாள், தலை வாரினாள், துணி துவைத்தாள். செய்துகொண்டே திட்டினாள். மிலான் இராத்திரிகளில் கேத்ரினின் மடியில் தூங்கிப்போனான்.

டிஸ்பென்சரிக்கு அந்தப் போத்தலின் பேச்சு அவளை முந்திக்கொண்டு போயிருந்தது.

"ஒங்களுக்குத்தான் கண்டியில கால்சியம் குடுக்கிறாங்களே," என்றார் டிஸ்பென்சரி டொக்டரய்யா. "நான் வேற குடுத்தா கூடிப்போகும்."

"முதுகு வலிக்குது, ஐயா."

"கண்டியில கேளுங்க. அங்க ஸ்பெசலிஸ்ட் இருக்காங்க."

கேத்ரின் வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றாள். ஆத்திரம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. அவர் சொன்னது சரி. அவள் சொல்லிவைத்த பொய்யைக் கொண்டு அவர் சரியாகச் சொன்னார்.

கட்டு அவிழ்க்கும் நாள் நெருங்கியது. அவிழ்த்தால் மலைக்குப் போக வேண்டும். மலைக்குப் போனால் மூட்டை. கயிறு தலையில் இழுக்கும், பாரம் முதுகில் இறங்கும். இருமினாலே முதுகில் கத்தி இறங்குவதுபோல் இருந்தது. அவள் முன்பைவிடக் கட்டையாகிவிட்டாள் என்று ராசம்மா சொன்னாள். சேலைக் கரை நிலத்தில் உரசத் தொடங்கியிருந்தது.

ஒரு வழி இருந்தது. புள்ளக்காம்பராவில் ஆயம்மா வேலை காலியாக இருந்தது. தாய்மார் மலைக்குப் போன பிறகு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது. நாற்காலி உண்டு. இசபெல் கணக்கப்பிள்ளை யோகேஸ்வரனிடம் பேசினாள். இசபெல் பேசினால் எதிரில் இருப்பவர் களைத்துப்போவார்.

"டொக்டர் சொல்லட்டும், பாரம் தூக்கக் கூடாதுன்னு," என்றார் கணக்கப்பிள்ளை. "அவரு எழுதின துண்டு கொண்டாங்க. போட்டுடுறேன். சும்மா போட்டா எல்லாப் பொம்பளைங்களும் முதுகு வலின்னு வந்து நிப்பாங்க."

எல்லாம் டொக்டரின் வாயில் இருந்தது.

கட்டு அவிழ்க்க டவுன் ஆஸ்பத்திரிக்கு இசபெலும் வந்தாள். வேண்டாம் என்று கேத்ரின் மூன்று விதமாகச் சொன்னாள்.

"ஒங்க சிங்களத்துக்குக் கடையில சீனி வாங்கலாம்," என்றாள் இசபெல். "டொக்டர்கிட்ட நான் பேசுறேன்."

அது உண்மை. இசபெல் பத்து வருடம் கண்டியில் ஒரு சிங்கள வீட்டில் வேலை செய்தவள். ஆஸ்பத்திரியில் தமிழ் பேசும் சிற்றூழியர் ஒருவர் இருந்தார். அவர் பக்கத்துத் தோட்டம். அவர் வாயைவிட இசபெலின் வாய் மேல்.

எலும்புக் கிளினிக்கின் முன்னால் வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். இது உண்மையான எலும்புக் கிளினிக். கேத்ரின் கதவின் மேலிருந்த பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு வருடம் சொல்லிக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டாள்.

டொக்டர் இளையவர். கண்ணுக்குக் கீழ் கறுப்பு. கட்டை அவிழ்த்து, மணிக்கட்டை அழுத்தி, படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஏதோ கேட்டார். இசபெல் நீளமாகப் பதில் சொன்னாள். போத்தலையே கொண்டு வந்திருந்தாள். கேத்ரினுக்கு அது தெரியாது. பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள்.

"என்ன சொன்ன?" என்றாள் கேத்ரின்.

"ஆறு வருஷமா கண்டியில எலும்புக்கு மருந்து எடுக்கிறீங்கன்னு சொன்னேன். ஒரு நாள் தவறாம. எனக்குத் தெரியும்ல."

டொக்டர் போத்தலின் மேலிருந்த எழுத்தைப் பார்த்தார். மூடியைத் திறக்கவில்லை. திருப்பிக் கொடுத்தார்.

"நல்லதாம்," என்றாள் இசபெல். "தொடர்ந்து எடுக்கணுமாம். எலும்பு சேந்துட்டுதாம்."

"முதுகப் பத்திக் கேளு."

இசபெல் கேட்டாள். டொக்டர் எழுதிக்கொண்டே சொன்னார்.

"கொழுந்து எடுக்கிறவங்க எல்லாருக்கும் முதுகு வலிதானாம். பூச மருந்து தாறாராம்."

"லேசான வேலைக்குத் துண்டு?"

இசபெல் கேட்டாள். இந்த முறை குரலை உயர்த்தினாள். டொக்டர் பேனாவால் படத்தைத் தட்டிக் காட்டினார். அது மொழிபெயர்க்கத் தேவையில்லை. கை நன்றாகிவிட்டது. எதற்குத் துண்டு?

நர்ஸ் மிஸ்ஸி அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.

இசபெல் எழுந்தாள். கேத்ரின் எழுந்திருக்க நேரமானது. மேசை விளிம்பைப் பிடித்து, முதுகைத் தனியாக, காலைத் தனியாகத் தூக்க வேண்டியிருந்தது. கதவுவரை நடந்தாள். நாளைக்கு மலை. நாளைக்கு மூட்டை. ஒரு சொல் இருந்தால் இவர் நின்று கேட்பார். அந்தச் சொல்லைத் தமிழில் சொன்னால் இசபெலுக்கு விளங்கும். இசபெல் இல்லாமல் சிங்களத்தில் சொல்ல அவளுக்கு வராது.

மாத்திரையின் பெயர் தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை.

அவள் திரும்பினாள். மேசைக்கு வந்தாள். இசபெலின் பையிலிருந்து போத்தலை எடுத்து, மூடியைத் திறந்து, ஒரு மாத்திரையை டொக்டரின் முன்னால் வைத்தாள்.

"டெனோபோவிர்," என்றாள்.

டொக்டர் மாத்திரையைப் பார்த்தார். அதன் மேல் பதித்திருந்த எழுத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அன்று முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். அவள் ஒரு கணம் பிழைத்துக்கொண்டோம் என்று நினைத்தாள்.

அவர் இசபெலின் பக்கம் திரும்பிக் கேட்டார். சாதாரணமாக, வயதைக் கேட்பதுபோல் கேட்டார். நீளமான சிங்களத்தில் கேத்ரினுக்கு விளங்கியது மூன்று ஆங்கில எழுத்து மட்டும். அந்த எழுத்து டவுன் ஆஸ்பத்திரிச் சுவரில் மூன்று மொழியிலும் ஒட்டியிருக்கிறது.

இசபெல் பேசவில்லை. இசபெல் பேசாமல் இருந்து கேத்ரின் பார்த்ததில்லை.

"என்ன கேக்குறாரு?" என்றாள் கேத்ரின்.

இசபெல் போத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தன வருஷமான்னு கேக்குறாரு."

"ஆறு."

இசபெல் அதைச் சிங்களத்தில் சொன்னாள். ஓர் எண். கூட ஒன்றும் சேர்க்கவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. அதுவே அவளுக்கு ஆத்திரமூட்டியது. முதுகைப் படம் எடுக்க அனுப்பினார். படம் வந்ததும் கூப்பிட்டார். முதுகெலும்பில் ஓர் எலும்புக்கட்டை முன்பக்கம் நசுங்கியிருந்தது. ஒரு பக்கம் சிறுத்த ஆப்புப்போல். விரலை வைத்துக் காட்டினார். புதிதல்ல, சில மாதம் இருக்கும் என்றார். அத்தனை மாதமும் அவள் அதன்மேல் மூட்டையை வைத்து மலை இறங்கியிருந்தாள்.

கண்டிக்குத் தானே போன் பண்ணினார். மாத்திரையை மாற்றச் சொல்லிப் பேசினார். அதுவரை நிறுத்தக் கூடாது. எலும்பின் அடர்த்தி பார்க்கும் இயந்திரத்துக்குப் பெயர் பதிந்தார். வரிசை நீளம். இனி ஒன்று விழுந்தால் இடுப்பு போகலாம் என்றார். பிறகு நாற்காலியில் இருந்தபடியே முன்னால் குனிந்து காட்டி, கையை ஆட்டினார். கூடாது. தூக்குவதுபோல் காட்டினார். கூடாது. துண்டு எழுதினார். அதில் நோயின் பெயரை எழுதவில்லை.

"தூக்கக் கூடாதாம்," என்றாள் இசபெல்.

"குனிஞ்சு காட்டினாரே."

"தூக்கக் கூடாதாம்," என்றாள் இசபெல் மறுபடியும்.

பஸ்ஸில் இசபெல் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். பாட்டு சத்தமாகப் போய்க்கொண்டிருந்தது. நோர்வூட் தாண்டிய பிறகு பேசினாள்.

"அண்ணனுக்கும் அதுதானா?"

"ஆமா."

"காசம்னீங்க."

"காசமும் இருந்திச்சு."

"நான்தான் குளிப்பாட்டுனேன் அவன. நான்தான் வாயத் தொடச்சு விட்டேன்."

"தொட்டா வராது, இசபெல். ஒரே கோப்பையில தின்னா வராது. எனக்கு இப்ப ரத்தத்துல தேடினாலும் ஆப்புடாது. மாத்திர அதத்தான் செய்யுது."

"எலும்பு மாத்திர."

இசபெல் ஜன்னலிலிருந்து திரும்பினாள்.

"லயம் பூரா சொல்லிட்டுத் திரிஞ்சேன். எங்க மதினிக்கு எலும்பு வருத்தம், எங்க மதினிக்கு எலும்பு வருத்தம்னு. கணக்கப்புள்ளகிட்ட சண்ட போட்டேன். இன்னைக்கு அந்த டொக்டர்கிட்டயும் கத்துனேன். என்னய முட்டாளாக்கிட்டீங்க."

"ஒன்கிட்ட சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்ப?"

இசபெல் யோசித்தாள். பொய் சொல்ல அவளுக்கு நேரம் இருந்தது.

"தெரியல," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "புள்ளக்காம்பராவுக்கு நீங்க போவாதீங்க, மதினி."

"ஏன்?"

"மிலான் அங்கதான் இருக்கான்."

"அவன் தெனமும் என் மடியிலதான தூங்குறான்."

"இனித் தூங்கமாட்டான்."

கேத்ரினின் வாய்க்குள் நிறைய இருந்தது. நோயை மாத்திரை அடக்கிவிட்டது. அடக்கியதற்கு எலும்பைக் கேட்டது. எலும்பைக் காப்பாற்ற வாயைத் திறந்தாள். வாயைத் திறந்ததற்கு இப்போது நாற்காலியைக் கேட்கிறார்கள். இதை எந்த மொழியில் யாரிடம் சொல்வது? பக்கத்தில் ஒரு பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கேத்ரின் துண்டை மடித்துச் சட்டைக்குள் செருகினாள்.

அன்று இராத்திரி மிலான் வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவன் அழுவது கேட்டது.

காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போனாள். பெண்கள் இடுப்பில் படங்குத் துணியைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். கணக்கப்பிள்ளை யோகேஸ்வரன் துண்டை வாங்கி, தூரப் பிடித்துப் பார்த்து, டொக்டரின் எழுத்தோடு மல்லுக்கட்டித் தோற்று நிமிர்ந்தார்.

"இசபெல், நீதான கூடப் போன? என்ன சொன்னாரு?"

"தூக்கக் கூடாதாம்," என்றாள் இசபெல்.

"சரி. அப்ப நர்சரிக்குப் போங்க. கன்னுப் பையில மண் நெரப்புற வேல. மூட்ட கெடையாது."

நர்சரியில் காலையிலிருந்து மாலைவரை குந்தியிருந்து குனிந்து மண் அள்ள வேண்டும். இசபெலுக்கு அது தெரியும். இரண்டு வருடம் அங்கே வேலை செய்தவள். அவள் படங்கின் முடிச்சை அவிழ்த்து மறுபடியும் கட்டினாள்.

"குனியவும் கூடாது, ஐயா," என்றாள் கேத்ரின்.

"தூக்கக் கூடாது, குனியக் கூடாது." கணக்கப்பிள்ளை கூட்டத்தைப் பார்த்தார். "அப்ப தொர வேலதான் பாக்கி இருக்கு."

சிரித்தார்கள். ராசம்மா சத்தமாகச் சிரித்தாள். "தொரையம்மா, பங்களாவுக்கு எப்பப் போறீங்க?" என்றாள் ஒருத்தி.

கேத்ரின் சிரிப்பு முடியும்வரை நின்றாள்.

"புள்ளக்காம்பரா இருக்கு," என்றாள். "டொக்டர் சொன்னா போடுறேன்னு நீங்கதான் சொன்னீங்க."

"குனியக் கூடாதுன்னா சொன்னாரு?" கணக்கப்பிள்ளை மறுபடியும் இசபெலைப் பார்த்தார். "நீ சொல்லலியே."

எல்லோரும் இசபெலைப் பார்த்தார்கள். கேத்ரின் மட்டும் பார்க்கவில்லை. கணக்கப்பிள்ளையின் கையிலிருந்த துண்டைப் பார்த்தாள். இசபெல் மூன்று எழுத்துச் சொன்னால் போதும். புள்ளக்காம்பரா இல்லை. குடியிருக்கும் காம்பராவும் இருக்காது. பைப்படியில் அவளுக்கு முன்னால் யாரும் தண்ணீர் பிடிக்கமாட்டார்கள், பின்னாலும் பிடிக்கமாட்டார்கள்.

இசபெல் முடிச்சை இறுக்கினாள்.

"சொன்னாரு," என்றாள். "நான் மறந்துட்டேன்."

புள்ளக்காம்பராவில் பொறுப்பாக இருந்தவள் பிரேமினி மிஸ். சின்னப் பெண். கேத்ரினுக்கு நாற்காலியைச் சுவரோரம் போட்டுக் கொடுத்தாள். பிள்ளைகள் பாயில் கட்டைகளை அடுக்கினார்கள், தட்டினார்கள், அடுக்கினார்கள். மிலான் வந்து அவள் மடியில் ஏறினான். அவள் இறக்கிவிடவில்லை. அவன் தலை அவள் நெஞ்சில் கனத்தது. முதுகு வலிக்கவில்லை.

பகல் கொழுந்து நிறுக்க இன்னும் நேரம் இருந்தது. இசபெல் வாசலில் நின்றாள். படங்கு நனைந்திருந்தது. முதுகில் பாதி நிறைந்த மூட்டை. உள்ளே வரவில்லை.

"மிலான், வா."

"என்ன இசபெலக்கா, இப்பவே?" என்றாள் பிரேமினி. "பகல் சாப்பாடு இன்னும் குடுக்கல."

"சளி அவனுக்கு. மத்தப் புள்ளைங்களுக்கு ஒட்டிக்கும்."

பையன் கேத்ரினின் சட்டையைப் பிடித்துக்கொண்டான். அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். "போ," என்றாள். அவன் அழுதுகொண்டே போனான். இசபெல் குனிந்து அவன் காலில் செருப்பை மாட்டினாள். நிமிரும்போது கேத்ரினைப் பார்த்தாள். முதுகில் மூட்டையும் இடுப்பில் பிள்ளையுமாக மலைப்பாதையில் ஏறினாள்.

பிரேமினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மலையில புள்ளய எங்க வப்பாங்க?" என்றாள். "காலையில நல்லாத்தான இருந்தான். சளி மாதிரித் தெரியலியே."

கேத்ரின் பாயில் சிதறிக் கிடந்த கட்டைகளைப் பார்த்தாள். அவற்றைப் பொறுக்கக் குனிய வேண்டும்.

"இருக்கும், மிஸ்," என்றாள். "ரெண்டு நாளா இருமிக்கிட்டுத்தான் இருந்தான்."